நிலம்பூர்ப் பாதையில் கண்ட தொண்டு

நீலகிரியின் கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கும் மலைப்பாதை, கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள வழிக்கடவைத் தொட்டு நிலம்பூரைச் சென்றடைகின்றது. மூங்கிற் காடுகளும் கொண்டையூசி வளைவுகளும் முடிந்தபின், வானளாவிய தேக்கு மரங்கள் நம்மை வரவேற்கின்றன. சாலியாற்றின் கரையில் 1840களில் ஆங்கிலேயர் நட்ட தேக்குத் தோட்டத்தைக் காணவே பலர் இங்கு வருகின்றனர். ஆயினும், இம்மாவட்டத்தின் பெயரை மருத்துவ உலகம் மதிப்புடன் உச்சரிப்பது மரங்களுக்காக அன்று, மனிதர்களுக்காகவே.

1993ஆம் ஆண்டில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் நண்பர்களுடன் சேர்ந்து வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். புற்றுநோய் முற்றியோர் பேருந்தேறி நெடுந்தொலைவு வரவேண்டியிருந்தது. படுக்கையை விட்டு எழ இயலாதோரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. ஆகவே, நோயாளியின் இல்லம் தேடிச் செல்வதும், அதற்கு அண்டை அயலாரையே பயிற்றுவிப்பதும் வழியெனக் கண்டனர். அவ்வழி மலப்புறத்தில் ஆழமாக வேரூன்றியது. வாரத்திற்கு இரண்டு மணி நேரமேனும் தர இசைவோர்க்கு 16 மணி நேர வகுப்பு நடத்தப்பட்டது. கடைக்காரர், ஆசிரியர், மாணவர், இல்லத்தரசியர் எனப் பலரும் முன்வந்தனர். எளியோர் தரும் சிறு காணிக்கைகளே பெரிதும் கைகொடுத்தன. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நாளடைவில் ஊராட்சிகளும் செவிலியரை அமர்த்தி வீடுகளுக்கு அனுப்பலாயின.

ஊதியம் பெற்று உழைக்கும் அச்செவிலியர், ஊதியமின்றி உடன்வரும் தொண்டரை எவ்வாறு நோக்குகின்றனர்? பல்லாண்டு அனுபவமுள்ள செவிலியச் சகோதரி ஒருவரிடம் இதனை வினவினேன். "புண்ணைக் கழுவிக் கட்ட நான் அறிவேன், அச்சன். அவ்வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்பதைத் தொண்டர்தாம் அறிவார்" என்றார். பிள்ளையின் பள்ளிப் படிப்பு நின்றுபோனதையும் வாடகை பாக்கியையும் வீட்டார் நாணத்தால் செவிலியரிடம் மறைப்பர். பக்கத்துத் தெருக்காரரிடம் மனம் திறப்பர். நோயாளியைப் பிடித்திருப்பது வலி மட்டும் அன்று, தனிமையும் வறுமையுமாம். அவற்றிற்கு மருந்துப் பெட்டியில் மருந்தில்லை என்பதை இப்பணியாளர் நன்கு அறிவர்.

எனினும், அவர்தம் மனக்குறைகளும் பொருளற்றவை அல்ல. ஆர்வ மிகுதியால் ஒருவர், "அடுத்த வாரம் சக்கர நாற்காலி வந்துவிடும்" என வாக்களித்துவிட்டுப் பின்னர் வாராதிருப்பார். வாசலையே நோக்கிக் காத்திருக்கும் நோயாளிக்கு விடை சொல்ல வேண்டியவர் செவிலியரே. ஒரு வீட்டில் கேட்டதை மறுவீட்டில் உரைப்போரால் குடும்பத்தின் மானம் கெடுகின்றது. தாமாகவே மருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் சொல்வோரால் உயிருக்கே ஊறு நேரலாம்.

தொண்டர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பையைத் தூக்கவும் வழி காட்டவும் மட்டுமே தம்மை அழைத்தால், அவர் உள்ளம் சோர்ந்துவிடும். அவர் கண்டதைக் கேட்டறிந்து, அதனையும் நோயாளியின் ஏட்டில் குறித்துக்கொள்ளும் செவிலியரிடம் தொண்டர் நிலைத்து நிற்கின்றனர் என்பதை அங்குக் கண்டேன். மதிப்பு இருபுறமும் பாயும் ஆறு போன்றதன்று. இருவரும் சேர்ந்து இறைக்க வேண்டிய கிணறு.

அன்பர்களே, நோயுற்றோரைச் சந்திக்கும் வழக்கம் நம் குடும்பங்களிலும் உண்டன்றோ? சொன்ன நாளில் தவறாது செல்வோம், கேட்டதைக் காப்போம், இயலாததை வாக்களியோம். ஒரு நாள் முழுதும் ஓடியாடிவிட்டு மறைபவரை விட, வாரந்தோறும் இரண்டு மணி நேரம் தவறாது வருபவரையே அச்சகோதரி "எங்களுள் ஒருவர்" என்று அழைத்தார்.