ஆக்சிஜனும் ஆயில் கேனும்

நேற்று கேட் கீலைப் பற்றவைக்கப் பழைய மாணவன் ஒருவனின் கேஸ் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். ஆக்சிஜன் சிலிண்டரில் ரெகுலேட்டர் நட் திருக வரவில்லை. உதவிக்கு நின்ற சின்னப் பையன் ஆயில் கேனோடு ஓடிவந்தான். "டேய், கீழே வைடா!" இவன் போட்ட சத்தத்தில் நானே நடுங்கிவிட்டேன்.

நிரம்பிய சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். அந்த ஆக்சிஜன் எண்ணெய்ப் பிசுக்கில் பட்டால் நெருப்பே வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். கையைத் துடைத்து நட்டை மாட்டினான். ரெகுலேட்டர் திருகைத் தளர்த்திவிட்டு, மீட்டருக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று வால்வை மெல்லத் திறந்தான்.

'ஆக்சிஜன் எரிய உதவும்' என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "எங்கேடா படிச்சே?" என்றேன். சிரித்துக்கொண்டே புருவத்துத் தழும்பைக் காட்டினான்.

பட்டறை வைத்திருப்பவர்கள் உங்கள் பையன்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.