அவரவர் நடை

முதல்முறையாகத் தனியாக வெளியூர் கிளம்பும் பெண்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பயமா இருக்காதா அக்கா?" இருக்கும். டிக்கெட் எடுத்த அன்றே தொடங்கிவிடும். வண்டி நகர்ந்த அரை மணி நேரத்தில் பாதி குறையும். மீதிப் பாதி கூடவே வரும். வரட்டும், இருட்டில் எந்தச் சந்துக்குள் நுழையக் கூடாது என்று சொல்வது அதுதானே. ஆண்டுக்கணக்காகத் தனியாகச் சுற்றியதில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் வேறு. என் வேகம் எது என்பதை அந்த ஊர்களில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் பயணம் என்றால் வேன். விடியுமுன் கிளம்பி, புளியோதரைப் பொட்டலத்தோடு வரிசையாகக் கோயில் கோயிலாக இறங்கி ஏறுவோம். ஒரு தூணருகே நான் நின்றுவிட்டால், "சீக்கிரம் வாடி, நடை சாத்திடுவாங்க" என்று அத்தையின் குரல் வரும். ஊர் பார்க்கும் ஆசையை எனக்குள் போட்டதே அந்த வேன் பயணங்கள்தான். அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் எனக்கு எப்போது பசிக்கும், ஒரு சிற்பத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கப் பிடிக்கும், கால் எப்போது போதும் என்று சொல்லும் என்பதெல்லாம் தெரியாமலே வளர்ந்துவிட்டேன்.

திருவண்ணாமலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவள் நான். அதைக் கட்டத் தொடங்கிய கிருஷ்ணதேவராயரின் தலைநகரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது பள்ளிக்கால ஆசை. வீட்டில் யாருக்கும் அதில் நாட்டமில்லை. அதனால் முதல் தனிப்பயணம் ஹம்பிக்கு என்று ஆனது. முதல் பயணத்துக்கு இடம் தேடுபவர்களிடம் இன்றும் இதைத்தான் சொல்கிறேன்: எல்லோரும் போகிற இடம் வேண்டாம், உங்களுக்கு ஆசை இருக்கிற இடமாகப் பாருங்கள். தனிமை கனக்கும் நேரத்தில் தாங்கிப் பிடிப்பது அந்த ஆசை ஒன்றுதான்.

பெங்களூரில் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹொசபேட்டே. அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர், பஸ் உண்டு. தெரியாத ஊரில் வெளிச்சத்தில் இறங்குவது நான் மாற்றாமல் வைத்திருக்கும் விதி. வண்டியைத் தேர்ந்தெடுப்பதே அதை வைத்துத்தான். ஸ்லீப்பரில் லேடீஸ் கோட்டா இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். மேல் பெர்த்துக்கு யார் உதவியும் இல்லாமல் தூக்கி வைக்க முடிகிற எடைதான் பையின் எடை. முதல் இரவுக்கான அறை முன்பே பதிவாகியிருக்க வேண்டும். வீட்டுக்கு நாளுக்கு ஒருமுறை, சொன்ன நேரத்தில் போன். மணிக்கொரு முறை பேசினால் உடம்பு மட்டும் ஊர் போகும், மனம் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

அந்த ரயிலில் எதிர் பெர்த்தில் ஒரு தர்மபுரி அம்மா இருந்தார். ஹுப்ளியில் மகள் வீட்டுக்குப் போகிறவர்.

"ஏம்மா, கூட யாரும் வரலியா?"

"இல்லம்மா, நான் மட்டும்தான்."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியும்மா. அப்பாதான் பெங்களூருக்கு பஸ் ஏத்திவிட்டார்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "ராத்திரி பாத்ரூம் போனா என்னை எழுப்பு. பையை நான் பாத்துக்கறேன்" என்றார். தனியாகப் போவது என்றால் யாரிடமும் ஒட்டாமல் போவது என்று நினைத்திருந்தவளுக்கு அது புதிது. கூட்டத்தோடு போகும்போது நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்போம். தனியாகப் போனால்தான் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படுகிறார். யாரிடம் பேசலாம், யாரிடம் தங்கும் அறையைச் சொல்லக் கூடாது என்று எடைபோடும் பழக்கமும் அங்கேதான் வருகிறது.

ஹம்பிதான் பழைய விஜயநகரம். 1336இல் தொடங்கிய அந்த நகரம், 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் சூறையாடப்பட்டுப் பாழானது. துங்கபத்திரைக் கரையில் பாறைகளுக்கு நடுவே கோயிலும் கடைவீதியும் அரண்மனை மேடையுமாகப் பரந்து கிடக்கிறது. முழுக்கப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு காலையும் நானே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அரண்மனை வளாகத்தில் ஹசார ராமர் கோயில் இருக்கிறது; 15ஆம் நூற்றாண்டுக் கோயில். வெளி மதிலில் யானைகள் ஒரு வரிசை, குதிரைகள் ஒரு வரிசை, அதற்கு மேல் வீரர்கள், நடனப் பெண்கள். உள்ளே கோயில் சுவரில் ராமாயணம் மூன்று அடுக்காகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கதை தெரிய வேண்டுமானால் ஓர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வர வேண்டும், அடுத்த அடுக்குக்கு இன்னொரு சுற்று, பிறகு மூன்றாவது. சிற்பி கதையைப் பிரதட்சணத்தின் வேகத்துக்கு அமைத்திருக்கிறான். கைடுகளோடு வந்த குழுக்கள் நாலு தூணையும் ரெண்டு சிற்பத்தையும் பார்த்துவிட்டுப் படியிறங்கின. நான் மூன்று சுற்றும் வந்தேன். வாலைச் சுருட்டி ஆசனமாக்கி ராவணன் எதிரே உட்கார்ந்திருக்கும் அனுமனிடம் வந்ததும் நின்றுவிட்டேன். சின்னச் சிற்பங்கள்; முகம் தேய்ந்திருக்கிறது. ஆனால் அந்தத் தோரணையில் இருக்கும் அலட்சியம் கொஞ்சமும் தேயவில்லை. ஒரு முற்பகல் முழுக்க அந்தச் சுவருக்கே போனது. யாரும் கூப்பிடவில்லை. எனக்குப் பிடித்த வேகம் இதுதான் என்று அங்கே தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்வதும் தனிப்பயணக் கலையில் பாதி. மாதங்க மலை உச்சியிலிருந்து சூரியோதயம் பார்க்காமல் வராதே என்றார்கள். அதற்கு இருட்டிலேயே தனியாகப் பாறையேற வேண்டும். துணைக்கு ஒரு குழு அமையாததால் விட்டுவிட்டேன். அன்று மாலை விருபாட்சர் கோயிலை ஒட்டிய ஹேமகூட மேட்டில், பிள்ளைகுட்டியோடு வந்திருந்த குடும்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து அஸ்தமனம் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தனியாகப் போகிறவளுக்கு வீம்பு ஆகாது. தன் கணக்கைத் தானே போட்டு, அந்த விடையோடு நிம்மதியாக இருக்கத் தெரிய வேண்டும்.

தனியாகச் சாப்பிடுவது பலருக்கும் மலைப்பாக இருக்கிறது. அந்த ஊர் மெஸ்ஸில் ஜோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் நிலக்கடலைப் பொடியும் வைத்தால், போனை எடுக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். முதல் வேளை எல்லோரும் நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். அடுத்தடுத்த வேளைகளில், அந்தப் பொடியில் பூண்டு தூக்கலாக இருப்பது நாக்குக்குத் தெரியும்.

இதில் வளர்ச்சி என்ன என்று கேட்டால், அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அலுவலகத்தில் உடனே பதில் கேட்டால், "நாளைக்குச் சொல்றேன் சார்" என்று சொல்ல வந்தது. கல்யாணப் பேச்சு எடுத்தபோது, எனக்குக் கொஞ்ச காலம் வேண்டும் என்று அப்பாவிடம் குரல் உயர்த்தாமல் சொல்ல முடிந்தது. எவ்வளவு நேரம் எனக்குத் தேவை என்று தெரிந்தவளுக்குத்தான் அதைக் கேட்டு வாங்கவும் தெரியும்.

இப்போதும் குடும்பத்தோடு வேனில் போகிறேன். "நீங்க முன்னாடி போங்க அத்தை, நான் இந்தத் தூணைப் பாத்துட்டு வரேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. என் வேகம் தெரிந்த பிறகு, மற்றவர்கள் வேகத்தின் மேல் எனக்கிருந்த எரிச்சலும் போய்விட்டது. முதல்முறை கிளம்பும் தங்கைகளே, ஒரே ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு நாளையாவது திட்டமில்லாமல் விடுங்கள். எத்தனை இடம் பார்த்தாய் என்று கேட்பவர்களுக்கு, ஒரு சுவரைப் பார்த்தேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.