அணு உலைக்கு அடுத்த தெரு

தீவிரவாதத்தைப் பற்றி முஸ்லிம்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று நாடு கேட்கிறது. மும்பையின் கிழக்குக் கோடியில் நின்று பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது: திறந்தபோது யார் கேட்டார்கள்?

மும்பையின் துறைமுக ரயில் பாதையில் மான்குர்டில் இறங்கி டிராம்பே சாலையில் போனால் முதலில் வருவது அணுசக்தி நகர். மரங்கள், காவலர்கள், வரிசையாக அடுக்குமாடிக் குடியிருப்புகள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகளும் ஊழியர்களும் வசிக்கும் இடம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் காட்சி தலைகீழாக மாறிவிடுகிறது. தோளோடு தோள் உரசும் சந்துகள், ஒன்றின் மேல் ஒன்றாக எழுந்த சிறு வீடுகள், பிளாஸ்டிக் குடங்கள். இறைச்சிக் கடைக்கு அடுத்து இட்லிக் கடை. இதுதான் சீட்டா கேம்ப். இதையும் தாண்டினால் கோலி மீனவர்களின் பழைய டிராம்பே, படகுத்துறை, சதுப்பு நிலம், அதற்கப்பால் கடல்.

இந்த இரண்டு குடியிருப்புகளுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. ஒன்று எழுவதற்காக இடம்பெயர்க்கப்பட்டதுதான் மற்றொன்று. 1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1956 ஆகஸ்டில் ஆசியாவின் முதல் அணு உலைகளில் ஒன்றான அப்சரா இங்கே இயங்க ஆரம்பித்தது. பக்கத்திலேயே இருந்தது ஜனதா காலனி. நகரின் மற்ற பகுதிகளிலிருந்து மாநகராட்சியால் அப்புறப்படுத்தப்பட்டவர்கள் உருவாக்கிய குடிசைப் பகுதி அது. அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்த தமிழர், ஜோக்கின் அற்புதம். பின்னாளில் மகசேசே விருதும் (2000) பத்மஸ்ரீயும் (2011) பெற்று, 2018இல் மறைந்தவர். நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976 மே மாதத்தில் காலனி தரைமட்டமாக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் காட்டப்பட்ட இடம் சதுப்பு நிலத்தை ஒட்டிய சீட்டா கேம்ப்.

இன்று இங்கே முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை. தமிழர்கள், மலையாளிகள், உத்தரப் பிரதேசக்காரர்கள், மராத்தியர்கள் என்று ஒரு குட்டி இந்தியாவே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறது. தமிழ் முஸ்லிம்களுக்கு மும்பை புதிய ஊர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தோல் பதனிடும் தொழிலுக்காக அவர்கள் தாராவிக்கு வந்துவிட்டார்கள். தாராவியின் மிகப் பழைய பள்ளிவாசலான படி மசூதி 1887ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வீட்டில் தமிழும் வீதியில் இந்தியும் பேசி, பாங்கு சத்தம் கேட்டால் தொழப் போகும் இவர்களுக்கு மதம் என்பது அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி. அதைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் முன்பு இருந்ததில்லை.

அந்த அவசியம் வந்தது 1992 டிசம்பருக்குப் பிறகு. பாபர் மசூதி இடிப்பைத் தொடர்ந்து இரண்டு கட்டமாக நடந்த கலவரங்களில் மும்பையில் 900 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள் என்கிறது நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கை. அந்த நாட்களில் தெருத் தொழுகையும் ஓர் ஆயுதமாக்கப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல்களில் இடம் போதாமல் சாலைகளில் விரிந்த தொழுகைப் பாய்களைக் காட்டி, அதற்குப் பதிலடி என்று மகா ஆரத்திகள் நடத்தப்பட்டன. ஆரத்தியில் வெறியூட்டும் பேச்சுகள் நிகழ்ந்ததையும், கலைந்து சென்ற கூட்டம் தாக்குதலில் இறங்கியதையும் கமிஷன் பதிவு செய்திருக்கிறது. 1993 மார்ச் 12 அன்று தொடர் குண்டுகள் வெடித்தன. 257 பேர் பலியானார்கள். அன்று முதல் மும்பையில் முஸ்லிம் பெயர் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அந்தப் பெயரோடு ஒரு கேள்வியையும் சுமக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு நடந்தவை அதிகம் பேசப்படவில்லை. போலீஸ் கமிஷனராக இருந்த சதீஷ் சாஹ்னி, முன்னாள் போலீஸ் அதிகாரி ஜூலியோ ரிபெய்ரோ, சமூக சேவகி சுஷோபா பார்வே போன்றோரின் முயற்சியில் மொஹல்லா கமிட்டிகள் உருவாயின. தாராவியில் வகார் கான் என்ற துணி வியாபாரியும் பாவ் கோர்டே என்ற மராத்தியரும் கைகோத்தார்கள். நான்கு மதங்களின் உடையில் நான்கு சிறுவர்கள் நிற்கும் 'நாம் எல்லோரும் ஒன்றே' சுவரொட்டி நகரெங்கும் ஒட்டப்பட்டது. இதெல்லாம் வீரச் செயல்களாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் கலவரத்துக்குப் பின் முதல் ஆளாகத் தெருவில் இறங்கி எதிர்த் தரப்பின் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

தொழுகைச் சண்டை பின்னாளில் ஒலிபெருக்கிச் சண்டையாக உருமாறியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்னது. அதிகாலைத் தொழுகையின் பாங்கோ பெரும்பாலான நாட்களில் 6 மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. 2022இல் ராஜ் தாக்கரே கெடு விதித்து, பள்ளிவாசல்களின் முன்னால் அனுமன் சாலிசா ஒலிக்கும் என்று மிரட்டியபோது நகரமே பதைத்தது. ஆனால் தெற்கு மும்பையின் 26 பள்ளிவாசல்களைச் சேர்ந்த மார்க்கப் பெரியவர்கள் கூடி, அதிகாலைப் பாங்குக்கு ஒலிபெருக்கி வேண்டாம் என்று தாங்களே முடிவெடுத்தார்கள். மிரட்டலுக்குப் பணிந்தார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. சட்டத்தை மதித்தார்கள் என்றவர்களும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பாங்கு என்பது தொழுகைக்கு விடுக்கும் அழைப்பு. அதைப் பெரிதாக்கும் கருவி மார்க்கத்தில் சொல்லப்பட்டதல்ல என்பதை வெளியார் சொல்வதைவிட உள்ளேயிருப்பவர் சொல்வதே எடுபடும்.

2025 ஜனவரியில் குர்லா நேரு நகர், சூனாபட்டி குடியிருப்புவாசிகளின் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம், ஒலிபெருக்கி எந்த மதத்துக்கும் இன்றியமையாத அங்கம் அல்ல என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டின் மத்தியில் மாஹிம் ஜும்மா மசூதி உட்பட மும்பையின் சில பள்ளிவாசல்கள் வேறு வழி கண்டுபிடித்தன. கைபேசிச் செயலி மூலம் பாங்கு நேரடியாக வீடுகளுக்கே வந்தது. அந்தச் செயலியை உருவாக்கியவர்கள் திருநெல்வேலிக்காரர்கள்! மும்பையின் தலைவலிக்கு மருந்து தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தது.

ஆனாலும் மும்பை முஸ்லிம்கள் மிக உரத்துப் பேசியது ஒலிபெருக்கியில் அல்ல, ஒரு கபர்ஸ்தானின் வாசலில். 2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் முஸ்லிம்களும் பலர். தாக்கிய பத்துப் பேரில் ஒன்பது பேர் செத்தார்கள். அவர்களை எங்கே புதைப்பது? மரைன் லைன்ஸில் உள்ள படா கபர்ஸ்தானை நிர்வகிக்கும் முஸ்லிம் ஜும்மா மசூதி அறக்கட்டளை ஒரே வார்த்தையில் மறுத்தது. அப்பாவிகளைக் கொன்றவர்கள் முஸ்லிம்களே அல்ல, எங்கள் மண்ணில் இடமில்லை என்பதே அதன் நிலை. அடுத்து வந்த பக்ரீத் அன்று கறுப்புப் பட்டை அணிந்து தொழுதவர்கள் ஏராளம். உடல்கள் ஓராண்டுக்கும் மேல் ஜே.ஜே. மருத்துவமனைப் பிணவறையில் கிடந்தன. 2010 ஜனவரியில் அரசு யாருக்கும் தெரியாமல் எங்கோ புதைத்தது. இறந்தவருக்கு அடக்கம் செய்வதைச் சமுதாயத்தின் பொறுப்பாகக் கருதும் மார்க்கத்தில் இப்படி ஒரு மறுப்பு எத்தனை கனமானது என்பது முஸ்லிம்களுக்குத்தான் முழுமையாகப் புரியும்.

இப்படிப் பேசுவதற்கு விலை உண்டு. 1966இல் ஹமீத் தல்வாய் ஏழு முஸ்லிம் பெண்களை அழைத்துக்கொண்டு முத்தலாக்கை எதிர்த்து மும்பையில் ஊர்வலம் போனார். வாழ்நாள் முழுவதும் வசைகளுக்கு ஆளானார். போஹ்ரா சீர்திருத்தவாதி அஸ்கர் அலி எஞ்சினியர் மத வன்முறை பற்றியே ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். 2000 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் தாக்கப்பட்டார். அவரது வீடும் அலுவலகமும் சூறையாடப்பட்டன. அவருடைய 'குற்றம்', சொந்தச் சமூகத்தின் தலைமையைக் கேள்வி கேட்டது. கோவையில் 2017இல் ஃபாரூக் என்ற நாத்திகர் வெட்டிக் கொல்லப்பட்டார். மிதவாதி பேசுவதில்லை என்று வெளியே இருந்து சொல்வது சுலபம். அவர் இரண்டு பக்கமும் சுவருள்ள சந்தில் நடப்பவர்.

பேசினாலும் கேட்பதற்கு ஆள் வேண்டும். இலங்கையின் காத்தான்குடியைப் பாருங்கள். சஹ்ரான் ஹாஷிமின் வெறிப் பேச்சுகளைப் பற்றி அவ்வூர் முஸ்லிம்களே போலீசில் புகார் செய்தார்கள். 2017இல் சூஃபி முஸ்லிம்கள் மீது அவனது கோஷ்டி தாக்குதல் நடத்தியதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவன் பிடிபடவில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகு கல் விழுந்தது இலங்கையின் அப்பாவி முஸ்லிம்களின் கடைகளிலும் வீடுகளிலும்தான். தமிழ் பேசும் காத்தான்குடி முஸ்லிம்கள் உரிய நேரத்தில் வாய் திறந்தார்கள். அரசின் காது திறக்கவில்லை.

விமான நிலையம் இந்தக் கதையின் இன்னொரு மேடை. டிராம்பே விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1998இல் பொக்ரான் சோதனையை நடத்திய அப்துல் கலாம், குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின் 2009 ஏப்ரலில் டெல்லியில் கான்டினென்டல் விமானம் ஏறப் போனார். சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தும் விமான நிறுவன ஊழியர்கள் அவரைத் தடவிச் சோதித்தார்கள். காலணியைக் கழற்றச் சொன்னபோது கழற்றினார். புகார் ஏதும் செய்யவில்லை. விஷயம் ஜூலையில்தான் வெளியே வந்து நாடாளுமன்றத்தில் புயல் கிளம்பியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011இல் நியூயார்க்கிலும் இதேபோல் நடந்து, அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. ராமேஸ்வரத்து மரைக்காயரின் மகன் அப்போதும் அமைதியாகவே இருந்தார்.

சோதனை எல்லோருக்கும் பொதுவானால் யாருக்கும் வருத்தமில்லை. 2006 நவம்பரில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் விமான நிலையத்தில் ஆறு இமாம்கள் தொழுதுவிட்டு விமானம் ஏறியபோது சக பயணிகள் சந்தேகப்பட, இறக்கிவிடப்பட்டார்கள். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஜுஹ்தி ஜாசர் என்ற முஸ்லிம் மருத்துவர் அந்த இமாம்களையே வெளிப்படையாகக் கண்டித்தார். 2009இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பயணிகளின் பயமும் நிஜம், இமாம்களின் அவமானமும் நிஜம்.

ஆனால் கலாமுக்குக் கிடைத்த மன்னிப்பு, வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு போலீஸ் விசாரணைக்குக் காத்திருக்கும் இளைஞனுக்குக் கிடைப்பதில்லை. 2025 மார்ச்சில் மீரட் போலீஸ், சாலையில் ஈத் தொழுகை நடத்தினால் பாஸ்போர்ட் ரத்தாகலாம் என்று எச்சரித்தது. தொழுகைப் பாயையும் விமானப் பயணத்தையும் அரசே ஒரே முடிச்சில் கட்டிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில், 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த 12 பேரையும் குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று கூறி மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றது. ஆனால் விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்றும் சொன்னது. ரயில்களில் இறந்த 180க்கும் மேற்பட்டோரின் குடும்பங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் கம்பி எண்ணியவர்களுக்கும் இளமை திரும்பி வரப் போவதில்லை.

இப்படிப்பட்ட ஒவ்வொரு வழக்கும் மிதவாதியின் குரலைத்தான் முதலில் அடைக்கிறது. சட்டத்தை நம்பு என்று தன் தெருப் பையனிடம் சொல்பவர் அவர்தான். அந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் சட்டம் அவரைக் கைவிடக் கூடாது. மாஹிமில் மக்தூம் அலி மாஹிமி தர்காவின் உருஸ் விழாவில் ஆண்டுதோறும் முதல் போர்வையைக் கொண்டுவந்து போர்த்துவது மும்பை போலீஸ். சீருடையோடு ஊர்வலமாக வருகிறார்கள். காவலரும் ஜமாத்தும் ஒரே பக்கம் நிற்க முடியும் என்பதற்கு இந்த நகரம் தன்னிடமே ஓர் அத்தாட்சியை வைத்திருக்கிறது.

சீட்டா கேம்பில் வாழ்க்கை அதன் போக்கில் போகிறது. காலையில் ஆண்களும் பெண்களும் மான்குர்ட் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு சந்துகளைக் கடக்கிறார்கள். நாட்டின் மிக பத்திரமாகக் காக்கப்படும் இடங்களில் ஒன்றுக்குப் பக்கத்தில், அதற்காகவே ஒருமுறை வீட்டை இழந்தவர்கள் ஐம்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். தேசபக்திக்கு இதைவிடச் சான்று வேண்டுமென்று கேட்பவர்கள், ஒரு நடை டிராம்பே வரை வந்துவிட்டுப் போகலாம்.