தொட்டியின் உயரமும் ஐஸ் கட்டியும்

மதுரைக்கு மேற்கே, சமணர் மலை அடிவாரத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. சித்திரை, வைகாசியில் மலைப்பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் ஊருக்குள் விடும். அப்படிப்பட்ட இடத்தில், டம்ளரை வைத்து அழுத்தினால் கதவு வழியே ஐஸ் கொட்டும் ஃபிரிட்ஜை ஒரு குடும்பம் ஆசைப்பட்டு வாங்கினால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. வாங்கிய சில மாதங்களில் ஐஸ் வருவது நின்றுவிட்டால் எல்லோரும் மெஷின் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது அவசர முடிவு. ஐஸ் தரும் பாகத்துக்கு நல்ல தண்ணீர், தண்ணீரில் போதிய அழுத்தம், தடையில்லாத கரண்ட், ஈரம் புகாத கதவு ஆகிய நாலும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மெஷின் நின்றுபோகும். ஆகவே பழுதுபார்ப்பதை ஃபிரிட்ஜுக்கு வெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதியை வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அழுத்தத்தைப் பார்ப்போம். குழாயில் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் நகரங்களை நினைத்து உருவாக்கப்பட்ட ஏற்பாடு இது. இத்தகைய ஃபிரிட்ஜ்களின் கையேடுகள் பலவும் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 1.4 கிலோ அழுத்தம் கேட்கின்றன. நம் வீடுகளில் அழுத்தம் என்பது மொட்டைமாடித் தொட்டியின் உயரம்தான். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ கிடைக்கும். ஒற்றைத் தளக் கான்கிரீட் வீட்டில் தொட்டித் தண்ணீர் தரையிலிருந்து நாலைந்து மீட்டர் உயரத்தில் நிற்கும். அதில் கிடைப்பது அரைக் கிலோ கூட இல்லை. 1.4 கிலோ வேண்டுமென்றால் தொட்டி 14 மீட்டர் உயரத்தில், அதாவது நாலு மாடிக்கு மேல், இருக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் ஐஸ் உறையும் அச்சு முழுதாக நிரம்பாது. கட்டிகள் சிறுத்து, உள்ளே பொள்ளலாக விழும். அதைவிடப் பெரிய கெடுதல் வேறொன்று. ஃபிரிட்ஜின் பின்புறம் உள்ள தண்ணீர் வால்வு இறுக மூடுவதற்கும் அந்த அழுத்தமே உதவுகிறது. அது போதாதபோது வால்வு மூடிய பிறகும் சொட்டுச் சொட்டாகக் கசியும். ஃபிரீசருக்குள் நுழையும் மெல்லிய குழாயின் நுனியில் அந்தச் சொட்டு உறைந்து, அடைப்பாகி நிற்கும். அதற்குப் பிறகு எத்தனை உதிரிபாகம் மாற்றினாலும், தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே சிறிய பூஸ்டர் பம்ப் ஒன்றை மாட்டும்வரை அடைப்பு திரும்பத் திரும்ப வரும்.

தண்ணீரின் தன்மை அடுத்தது. பாறைப் பூமியில் போர் போட்டு எடுக்கும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருப்பது இயல்பு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கிறது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, வால்வுக்குள் இருக்கும் சிறு வலையிலும் படிகிறது. கரண்ட் தரும் தொல்லை வேறு வகை. பராமரிப்பு மின்தடை நாளில் நாலைந்து மணி நேரம் கரண்ட் இல்லாமல், இடையில் கதவையும் திறந்து மூடினால், கட்டிகளின் மேல்பரப்பு மட்டும் கசியும். கரண்ட் வந்ததும் அத்தனையும் ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாகிவிடும். டம்ளரை அழுத்தினால் மோட்டார் முனகும், கட்டிகளைத் தள்ளும் திருகு சுற்றாது. கதவு ரப்பர் தளர்ந்து ஈரக் காற்று உள்ளே போனாலும் இதே கதிதான். இதற்குச் செய்ய வேண்டியது எளிது: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐஸ் பெட்டியைக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் பாளத்தைக் கரைத்து, பெட்டியை ஈரமில்லாமல் துடைத்து மாட்ட வேண்டும். அவசரப்பட்டுக் கத்தியால் குத்துகிறவர்கள் உண்டு. ஃபிரீசரின் உட்பக்கத்தில் கேஸ் ஓடும் அலுமினியத் தடம் மெல்லியது; கத்திமுனை அதில் பட்டால் சில நிமிட வேலை பல ஆயிரம் ரூபாய்ச் செலவாகிவிடும்.

கரண்டும் தண்ணீரும் சேரும் இடத்தில் வீட்டில் இருப்பவர்கள் கை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, அதனால்தான் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். பெட்டி, ஃபில்டர், வெளிக்குழாய், கதவு ரப்பர், தொட்டி ஆகியவை நம் பொறுப்பு. கம்ப்ரசர், கேஸ், எலெக்ட்ரானிக் போர்டு மூன்றும் மெக்கானிக்கின் பொறுப்பு. இப்போது பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஐசோபியூட்டேன் என்ற எரியும் வாயு. அங்கே துணிச்சலுக்கு இடமில்லை. இப்படி நாமே செய்தால் மெக்கானிக்கின் பிழைப்பு போகும் என்பதும் சரியல்ல. மதுரையிலிருந்து வருகிற ஒருவர், பாளத்தை உடைத்துக் கொடுத்து வருகைக் கூலி வாங்குவதில் அவர் தொழில்திறனுக்கு என்ன மரியாதை? “வால்வு கசிகிறது, தொட்டி உயரம் இவ்வளவு” என்று சொல்லி அழைக்கும் வீட்டுக்கு அவர் சரியான சாமானோடு வருவார். ஒரே நடையில் வேலை முடியும். வாரண்டி போய்விடும் என்ற பயமும் பெரும்பாலும் வீண். கையேட்டிலேயே சொல்லியிருக்கும் சுத்தம் செய்யும் வேலை வாரண்டிக்குக் கேடாகாது.

தட்டில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் போதாதா, கிராமத்து வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்போருக்கும் பதில் உண்டு. இனிமேல் வாங்கப் போகிறவருக்கு அது நல்ல யோசனை; தட்டில் கெட்டுப்போக எதுவுமில்லை. கையால் தண்ணீர் நிரப்பும் தொட்டி வைத்த மாடலும் நம் வீடுகளுக்கு ஒத்துவரும். ஆனால் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பாதி ஊனமாக விட்டுவைப்பது சிக்கனமல்ல. ஐஸுக்காக மெனக்கெடுவது நமக்குப் புதிதுமல்ல. 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து மரத்தூள் பொதிந்து கப்பலில் வந்த ஐஸ் பாளங்களைக் காக்க அப்படியொரு கட்டடமே தேவைப்பட்டது. வெக்கையான ஊரில் ஐஸ் நிற்க வேண்டுமென்றால், சுற்றி இருப்பதைச் சரியாக அமைத்தாக வேண்டும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வீட்டு உபயோகச் சாதனங்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. அந்த உரிமை கீழக்குயில்குடி வரை வந்து சேர, கையேடு தமிழில் இருக்க வேண்டும். வால்வும் ரப்பரும் தனியாக விலைக்குக் கிடைக்க வேண்டும். விற்பவர் பில் போடுவதற்கு முன்னால் தொட்டியின் உயரத்தைக் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கடையில் கேட்டுவிட்டால், பின்னால் வரும் பழுதுகளில் பல பிறக்கவே பிறக்காது.