தண்ணீருக்கும் விடைகொடுக்கும் நாடு

கம்போடியாவின் சியெம் ரீப் நகருக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அங்கோர் வாட் கோயிலைப் பார்க்கவே வருகிறார்கள். சிலர் மட்டும் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தங்கி, சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளில் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். பல தேசத்து இளைஞர்கள். கோயிலைவிட அவர்கள் மனதில் அதிகம் தங்கிவிடுவது ஊரைவிட்டுக் கிளம்பும் கடைசி நாள்தான்.

சியெம் ரீப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது கம்போங் ப்ளுக். டோன்லே சாப் ஏரியை ஒட்டிய கிராமம். வீடுகள் எல்லாம் உயர உயரமான மரக்கால்களின் மேல் நிற்கின்றன. கோடையில் ஏணி வைத்து ஏற வேண்டும். மழைக்காலத்தில் அதே வீட்டு வாசலில் படகு வந்து நிற்கும்.

காரணம், இந்த ஏரியின் அதிசயக் குணம். கோடையில் இதன் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மழையில் மேகாங் நதி பெருகும்போது, ஏரியிலிருந்து வெளியேறும் டோன்லே சாப் ஆறு திசைமாறி ஏரிக்குள்ளேயே பாயும். ஏரி பல மடங்கு விரியும். மழை ஓய்ந்ததும் ஆறு மறுபடி திரும்பிக் கடலை நோக்கி ஓடும். இதைக் கொண்டாடத்தான் 'பான் ஓம் டூக்' என்ற தண்ணீர்த் திருவிழா. பெரும்பாலும் நவம்பர் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் நடக்கும். தலைநகர் நாம்பென்னில் நீண்ட படகுகள் போட்டி போடும். போகிற தண்ணீருக்கு நாடே விடைகொடுக்கிறது!

பள்ளியிலும் விடைகொடுக்க ஒரு முறை உண்டு. கெமர் மொழியில் ஆசிரியரை 'க்ரு' என்கிறார்கள். நம் 'குரு'தான். கைகூப்பி வணங்குவதற்குப் பெயர் 'சம்பியா'. வயதொத்தவர் என்றால் நெஞ்சுக்கு நேராக, ஆசிரியர், பெற்றோர் என்றால் மூக்குக்கு நேராக. கடைசி நாளில் குழந்தைகள் வரிசையாக நின்று, கைகளை மூக்கருகே உயர்த்தி, 'சும்ரியப் லியா' என்று விடைகொடுக்கும்போது யாருக்கும் கண் கலங்கும்.

அந்த நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். "மறுபடி எப்போ வருவீங்க?"

"சீக்கிரம் வந்துடுவேன்" என்று சொல்லிவிடுவது சுலபம். சொன்னவர் விமானம் ஏறிவிடுவார், குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் இன்னொருவர் வருவார். அவரும் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார், படம் எடுப்பார், போய்விடுவார்.

காப்பகங்களில் இது இன்னும் கொடுமை. கம்போடியக் காப்பகங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருப்பதை யுனிசெஃப் சுட்டிக்காட்டியிருக்கிறது. பார்க்க வரும் வெளிநாட்டவரின் பணத்துக்காகவே குழந்தைகளைச் சேர்த்த இடங்களும் உண்டு. முன்பின் தெரியாதவரின் மடியில் முதல் நாளே ஏறி உட்காரும் குழந்தையைப் பார்த்து, 'எவ்வளவு பாசம்!' என்று நெகிழ்கிறோம். அடிக்கடி பிரிவைப் பார்த்த குழந்தை அப்படி யாரிடமும் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்கிறார்கள் குழந்தைநல நிபுணர்கள். 2018-ல் ஆஸ்திரேலியா, காப்பகங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகவே ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் உதவிக்குப் போகவே கூடாதா? போகலாம். குழந்தைகளோடு நேரடியாக இருப்பதைவிட, உள்ளூர் ஆசிரியருக்குத் துணையாக இருப்பது நல்லது. வந்த அன்றே கிளம்பும் தேதியைக் குழந்தைகளிடம் சொல்லிவிடலாம். வகுப்பு நாட்காட்டியில் அதை வட்டமிட்டு வைக்கலாம். வர முடியாது என்றால், வருவேன் என்று சொல்லாமல் இருக்கலாம்.

கம்போங் ப்ளுக்கில் தண்ணீர் வரும், போகும் என்று தெரிந்துதான் வீட்டுக்கு அவ்வளவு உயரக் கால் வைத்தார்கள். அந்த முன்யோசனை விருந்தாளிக்கும் வேண்டும்.

அவர் கிளம்பிய மறுநாள் காலை, அதே வகுப்பில் உள்ளூர் க்ரு, நேற்று விட்ட பக்கத்திலிருந்து பாடத்தைத் தொடர்கிறார். குழந்தைகள் வாசலைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்க்கிறார்கள் என்றால், போனவர் நல்லபடியாக விடைபெற்றிருக்கிறார் என்று அர்த்தம்.