கிரீஸ் புகைந்த மலைப்பாதை

கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ஒரு மண் பாதை. மூன்றரை கிலோமீட்டருக்குள் சுமார் 400 மீட்டர் சரேலென இறங்குகிறது. பெயர் 'ரீபேக்'. 1976 அக்டோபரில் இங்கே நடந்த பந்தயம்தான் மவுன்டன் பைக் ரேஸுக்கே பிள்ளையார் சுழி.

ஓட்டியவை பெரும்பாலும் 1930, 40-களின் கனத்த ஷ்வின் சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக். கீழே வருவதற்குள் சூட்டில் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி அடைக்கணும். பெயர்க்காரணம் அதுதான்!

டிரஸ்? ஜீன்ஸ், தடித்த பூட்ஸ், தோல் கையுறை. ஹெல்மெட்டா... மூச்! முதல் பந்தயத்தில் விழாமல் வந்தவர் ஆலன் பாண்ட்ஸ் ஒருவரே, ஜெயித்ததும் அவரே.

அந்தச் சைக்கிள்களை ஊரிலுள்ள மியூசியத்தில் பார்க்கலாம். கேரி ஃபிஷரின் சாதனை 4 நிமிடம் 22 விநாடி. அதாவது மணிக்குச் சராசரியாக 46 கிலோமீட்டர். இன்று அங்கே வேக வரம்பு 24தான்.