தம்பிக்கு எந்தப் புத்தகம்?

தம்பிக்கு உடம்பு சரியில்ல, இந்த வருஷம் வீட்டுலயே படிப்பு. தமிழ் வாசிக்கக் கத்துக்கொடுக்கிறது என் பொறுப்பு. நானே இங்கிலீஷ் மீடியம்!

பாட்டி எடுத்துத் தந்தது கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்', 1894-ல் வந்த காவியம். அருமைதான், ஆனா செய்யுள். பத்து வயசுக்குக் கஷ்டம். அதுக்கு மூலம் ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட கதை. அதையே எளிய உரைநடையில் வாங்கினேன். தினம் ஒரு பக்கம்.

முதுகுச் சுமையோட போறவன் சேற்றில் விழறான். கூட விழுந்தவன் வீட்டுப் பக்கமா ஏறித் திரும்பிப் போயிடறான். இவன் மட்டும் எதிர்க்கரைக்குப் போராடுறான். மருந்துக்கு அடம்பிடிக்கிற தம்பி அன்னிக்கு, "அடுத்த பக்கமும் படிக்கலாமா?"ன்னு கேட்டான்.

விசுவாசமோ தைரியமோ, புத்தகம் எடுக்குமுன் வாசிக்கப்போறவங்களைப் பாருங்க. காவியத்தை அவன் ப்ளஸ் டூ வரும்போது பாட்டியோட சேர்ந்து படிப்போம்.